வாய்க்காலில் தொடங்கும் நெருப்பு

பெட்டிக்கடை வாசலில் பீடி பற்றவைக்கத் தொங்கும் கயிற்றைப் பார்த்திருப்பீர்கள். அதில் சுடரே இருக்காது. நுனி மட்டும் கனன்றுகொண்டிருக்கும், ஒரு பொழுது முழுக்க அணையாது. இந்தோனேசியாவின் சுமத்ராவிலும் கலிமந்தானிலும் வறட்சி ஆண்டுகளில் லட்சக்கணக்கான ஹெக்டேர் எரிவது இந்தக் கயிறு எரிகிற மாதிரிதான். புதரும் மரமும் எரிவது தொலைக்காட்சியில் தெரியும். அதற்குக் கீழே வாரக்கணக்கில் கனல்வது மண். சிங்கப்பூர், மலேசியத் தமிழர்களிடம் ‘புகைமூட்டம்’ என்ற சொல் ஒரு பருவத்தின் பெயர் போலவே புழங்குவதற்குக் காரணம் இந்த மண்தான்.

மண் எப்படி எரியும்? இது பீட் மண். இந்தோனேசிய மொழியில் கம்புட். சதுப்புக் காட்டில் விழும் இலை, கிளை, வேர் எல்லாம் தண்ணீரில் மூழ்கிக் கிடப்பதால் உள்ளே காற்று புகாது, முழுதாக மட்காது. அரைகுறையாக மட்கியது ஆண்டுக்கு ஒன்றிரண்டு மில்லிமீட்டராகச் சேரும். ஐயாயிரம் ஆண்டில் அது ஐந்து முதல் பத்து மீட்டர் மேடாகிவிடும். இரண்டு ஆறுகளுக்கு நடுவே கவிழ்த்து வைத்த தட்டு மாதிரி, கிலோமீட்டருக்கு அரை மீட்டரோ ஒரு மீட்டரோ சரிந்து கிடக்கும் மேடு. ஆற்று வெள்ளம் உச்சிக்கு ஏறாது. அங்கே நிற்பது முழுக்க மழைத் தண்ணீர்.

நனைந்த பீட்டின் பருமனில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர்தான். காய வைத்தால் ஒரு கன சென்டிமீட்டருக்கு 0.1 கிராம் அளவே தேறும், அதிலும் பாதிக்கு மேல் கார்பன். தேங்காய் நார்த்தூள் கட்டியைத் தூக்கிப் பார்த்தவர்களுக்கு இந்த எடை பழக்கமானது. இன்னொரு குணமும் நார்த்தூளைப் போலத்தான்: முற்றிலும் காய்ந்துவிட்டால் மறுபடி தண்ணீரை எளிதில் ஏற்காது, மேலேயே உருண்டோடிவிடும். இந்தோனேசியச் சட்டப்படி இப்படிப்பட்ட படிவு 50 சென்டிமீட்டர் கனமாவது இருந்தால்தான் பீட். 3 மீட்டருக்கு மேல் இருந்தால் அதைப் பாதுகாக்க வேண்டும்.

இந்த மேட்டில் ஒரு வாய்க்கால் வெட்டினால் என்ன ஆகும் என்பதை மத்திய கலிமந்தான் மிகப் பெரிய அளவில் செய்தே பார்த்துவிட்டது. 1995-ல் அதிபர் சுகார்த்தோ அங்கே 10 லட்சம் ஹெக்டேரில் நெல் விளைவிக்க ஆணையிட்டார். 4,000 கிலோமீட்டருக்கு மேல் வாய்க்கால் வெட்டப்பட்டது. பீட்டின் அமில காரக் குறியீடு 3-க்கும் 4-க்கும் இடையில், அதாவது ஏறக்குறைய புளிப்பேறிய மோர். நெல் வரவில்லை. சில ஆண்டுகளிலேயே திட்டம் கைவிடப்பட்டது, ஆனால் வாய்க்கால்களை யாரும் மூடவில்லை. 1997-ல் எல் நினோ வறட்சி வந்தபோது பல்லாயிரம் ஆண்டு ஈரம் அவற்றின் வழியே ஏற்கெனவே ஆற்றுக்குப் போய்ச் சேர்ந்திருந்தது.

அந்த ஆண்டு எரிந்ததன் கணக்கைச் சூசன் பேஜ், ஃப்ளோரியன் சீகெர்ட் ஆகிய ஆய்வாளர்களின் குழு 2002-ல் வெளியிட்டது. மத்திய கலிமந்தானில் 25 லட்சம் ஹெக்டேரின் செயற்கைக்கோள் படங்களைப் பார்த்ததில் 32 விழுக்காடு நிலம் எரிந்திருந்தது. அதோடு நிற்காமல் களத்தில் இறங்கி, எரிந்த இடத்தில் எத்தனை கனத்துக்கு மண் காணாமல் போனது என்று அளந்தார்கள். சராசரி 51 சென்டிமீட்டர். அதை வைத்து நாடு முழுமைக்கும் மதிப்பிட்டபோது வெளியேறிய கார்பன் 81 கோடி முதல் 257 கோடி டன் வரை வந்தது. நிலக்கரி, எண்ணெய், எரிவாயுவை எரித்து அன்றைய உலகம் ஓராண்டில் வெளிவிட்டதில் இது 13 முதல் 40 விழுக்காடு. பீட் விவகாரம் சூழலியலாளர்களின் கையை விட்டுப் பொருளாதாரம், சட்டம், மருத்துவம், மானிடவியல் என எல்லாருடைய மேசைக்கும் போனதில் இந்த எண்ணுக்குப் பெரும் பங்கு உண்டு.

தீ வைக்காவிட்டாலும் வடிக்கப்பட்ட பீட் சும்மா இருக்காது. காற்று புகுந்ததும் மட்கத் தொடங்கி, சுருங்கி, அமுங்கும். சுமத்ராவின் தோட்டங்களில் முதல் ஐந்து ஆண்டுகளில் நிலம் சுமார் 1.4 மீட்டர் இறங்கியது. பிறகு ஆண்டுக்கு 5 சென்டிமீட்டர்.

இனி நெருப்பு எப்படிப் பிடிக்கிறது என்பதற்கு வருவோம். உலர் எடையைப் போல ஏறத்தாழ 1.2 மடங்கு தண்ணீர் இருக்கும் வரை பீட் பொதுவாகப் பற்றாது. இயல்பான சதுப்பில் அது பல மடங்கு இருக்கும், எனவே கவலை இல்லை. நீர்மட்டம் இறங்கினால்தான் மேல்மண் அந்தக் கோட்டைத் தாண்டிக் காயும். மழையே இல்லாத ஒரு மாதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். செடி உறிஞ்சியும் ஆவியாகியும் நாளுக்குச் சுமார் 4 மில்லிமீட்டர், மாதத்துக்கு 120 மில்லிமீட்டர் தண்ணீர் போகும். ஆனால் பீட்டின் துளைகளில் இருக்கும் தண்ணீரில் ஒரு பகுதிதான் இறங்கி வரும். அதை மூன்றில் ஒரு பங்கு என்று வைத்தால், 120 மில்லிமீட்டர் இழப்புக்கு நீர்மட்டம் 36 சென்டிமீட்டர் விழும். வாய்க்கால் இல்லாத காடு தரைமட்டத்திலிருந்து இந்த இறக்கத்தைத் தொடங்கும். வாய்க்கால் வெட்டிய நிலம் ஏற்கெனவே 60, 70 சென்டிமீட்டர் கீழிருந்து தொடங்கும். இரண்டுக்கும் வறட்சி ஒன்றுதான்.

பற்றிய பிறகு அது தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்ளும். கனல்முனையின் வெப்பம் 500 முதல் 700 டிகிரி செல்சியஸ். வேகம் மிகக் குறைவு, மணிக்குச் சில சென்டிமீட்டருக்குள்தான். ஆனால் அந்த வெப்பமே அடுத்த அடுக்கைக் காய வைக்கிறது, மேலே படியும் சாம்பல் சூட்டை வெளியே விடாமல் போர்த்துகிறது. நீறு பூத்த நெருப்பு என்று நாம் உவமையாகச் சொல்வது அங்கே சொல்லுக்குச் சொல் உண்மை. வேர்களைத் தின்றுகொண்டு போவதால் பச்சை மரம் திடீரெனச் சாயும். காற்றுப் பற்றாக்குறையில் எரிவதால் புகையும் மோசமானது: ஒரு கிலோ உலர் பீட் எரிந்தால் ஒன்றரைக் கிலோவுக்குச் சற்று மேலே கரியமில வாயு, 200 கிராமுக்கு மேல் கார்பன் மோனாக்சைடு, கூடவே மீத்தேனும் நுரையீரலின் ஆழத்துக்குப் போகும் நுண்துகளும்.

இதை அணைப்பது காட்டுத்தீ அணைப்பதைப் போன்றதல்ல. மேலே தண்ணீர் பீய்ச்சினால் புகை நிற்கும், நெருப்பு நிற்காது. விமானத்திலிருந்து கொட்டுவதும் பெரும்பாலும் அப்படித்தான். அரசின் மங்களா அக்னி படையும் ஊர்த் தன்னார்வலர்களும் செய்வது வேறு. முதலில் எரியும் திட்டைச் சுற்றி ஈர அடுக்கு தட்டுப்படும் வரை பள்ளம் வெட்டுவார்கள். பிறகு ஊசி போன்ற நீண்ட குழாய்முனையை மண்ணுக்குள் செருகித் தண்ணீரை ஏற்றுவார்கள். மேலே குமிழ்ந்து, மண் கூழாகிற வரை. பக்கத்தில் சிறிது தள்ளி மறுபடி செருக வேண்டும். கடைசியில் கையை விட்டுச் சூடு பார்ப்பார்கள். சூடான இடம் ஒன்று விட்டுப்போனாலும் மறுநாள் அங்கிருந்தே கிளம்பும். வறட்சியில் வாய்க்காலே வற்றிவிடும் என்பதால் இந்த வேலைக்கென்று ஆழ்துளைக் கிணறுகளும் போட்டு வைத்திருக்கிறார்கள். ஒரு குழு நாள் முழுக்க உழைத்து முடிக்கும் பரப்பு மிகச் சிறியது. நிலம் லட்சக்கணக்கில் எரியும்போது இது ஈடுகொடுக்காது. கடைசியில் அணைப்பது பருவமழைதான்.

அப்படியானால் தீயே வைக்காமல் தடுத்துவிடலாமே என்று தோன்றும். இங்கேதான் சமூக அறிவியல் நுழைகிறது. சிறு விவசாயிக்குத் தீக்குச்சி இரண்டு வேலை செய்கிறது: புதரைக் காசில்லாமல் அழிக்கிறது, சாம்பலால் அமில மண்ணின் புளிப்பைக் குறைக்கிறது. 2009-ம் ஆண்டின் சுற்றுச்சூழல் சட்டம் எரிப்பைத் தடைசெய்தாலும், வழிவழியாக எரித்துப் பயிரிடும் குடும்பத்துக்கு 2 ஹெக்டேர் வரை விலக்கு தருகிறது. ஆனால் எரிவதெல்லாம் அந்த 2 ஹெக்டேர் அல்ல. ஹெர்ரி புர்னோமோ தலைமையிலான குழு சுமத்ராவின் ரியாவ் மாகாணத்தில் நிலச் சந்தையை ஆராய்ந்து 2017-ல் வெளியிட்ட விலைகளைப் பாருங்கள்: மரம் வெட்டிப் போட்ட நிலம் ஹெக்டேருக்கு 665 டாலர், எரித்து நடவுக்குத் தயாரான நிலம் 856 டாலர், மூன்று வயது எண்ணெய்ப் பனை நிற்கும் நிலம் 3,077 டாலர். எரிப்பு என்பது நிலத்தைத் தயார்செய்யும் செலவைக் குறைக்கும் வழி. அதன் லாபத்தை உள்ளூர்த் தரகர், நில உரிமை கோருவோர், முதலீட்டாளர் என்று பலர் பங்கிட்டுக்கொள்கிறார்கள். கையில் தீக்குச்சி வைத்திருப்பவருக்குப் போவது கூலி. அவரைக் கைதுசெய்தால் விலைப்பட்டியல் மாறப்போவதில்லை.

2015-ல் 26 லட்சம் ஹெக்டேர் எரிந்தது. உலக வங்கி இழப்பை 1,610 கோடி டாலர் என்று மதிப்பிட்டது. அடுத்த ஜனவரியில் அதிபர் ஜோகோ விடோடோ பீட் மீட்பு முகமையை அமைத்து, ஏழு மாகாணங்களில் 20 லட்சம் ஹெக்டேரைச் சீர்செய்யச் சொன்னார். 2014-ல் வந்து 2016-ல் திருத்தப்பட்ட அரசு விதியில் ஓர் எண் இருக்கிறது: பயிரிடும் பீட்டில் நீர்மட்டம் தரைக்குக் கீழே 40 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது. எண்ணெய்ப் பனைக்காரர்கள் வழக்கமாக விரும்புவது 50 முதல் 70. இந்த 10 முதல் 30 சென்டிமீட்டரில்தான் இன்றைய சண்டை எல்லாம் நடக்கிறது.

நீர்மட்டத்தை ஏற்ற வாய்க்காலை அடைக்க வேண்டும். கேட்க எளிது. சாதாரண ஊர் வாய்க்காலில் கட்டும் அணையின் வடிவம் ஒரு பெட்டி: கலாம் மரக்கம்புகளை இரண்டு வரிசையாக அடித்து இறக்கி, உட்புறம் தடித்த துணி விரித்து, நடுவே மண் மூட்டைகளைத் திணிப்பது. நடுவில் வழிந்தோட ஒரு தாழ்வான வாய் விட வேண்டும். தண்ணீர் எந்த மட்டத்தில் நிற்கும் என்பதைத் தீர்மானிப்பது அந்த வாயின் உயரம்தான். ஓர் அணைக்கு மேலும் கீழும் நீர்மட்ட வேறுபாட்டை 20, 30 சென்டிமீட்டருக்குள் வைப்பது நல்லது. சரிவு கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர், ஒவ்வோர் அணையும் 25 சென்டிமீட்டர் தாங்கும் என்றால், 250 மீட்டருக்கு ஓர் அணை வேண்டும். செலவுக்கு அஞ்சி கிலோமீட்டருக்கு ஒன்று கட்டினால் அதன் மேல் ஒரு மீட்டர் வேறுபாடு அழுத்தும். பீட் சல்லடை போன்றது; தண்ணீர் அடியில் துளைத்தோ பக்கவாட்டில் கரையை அரித்தோ புது வழி கண்டுவிடும். அணையின் இரண்டு சிறகுகளும் கரைக்குள் போதுமான தூரம் புதையாவிட்டால் ஒரு மழைக்காலத்திலேயே அணை தனியாகவும் வாய்க்கால் அதைச் சுற்றியும் போகும். மரமும் பீட்டும் தண்ணீரைவிட இலேசானவை என்பதால் எடை போதாத அணையை வெள்ளம் தூக்கிவிடும். அணைக்குத் தண்ணீரை உண்டாக்கத் தெரியாது; மழை ஓய்வதற்கு முன்பே மூடியிருக்க வேண்டும்.

பொறியாளர் தவறவிடும் இன்னொன்று, வாய்க்கால் அங்கே சாலை. ரப்பர், மரம், மீன் எல்லாம் கிலோத்தோக் படகில் அதன் வழியேதான் வருகின்றன. படகு தாண்ட வாய் விடாத அணை அதிக நாள் நிற்காது, ஊர்க்காரர்களே பிரித்துவிடுவார்கள். யாருடைய படகு எந்த மாதத்தில் எவ்வளவு பாரத்தோடு போகிறது என்று கேட்டு வைத்துக்கொள்வது, மண்ணின் நீர்க்கடத்தல் திறனை அளப்பதைவிடக் குறைந்த வேலை அல்ல.

உயிரிழப்புக் கணக்கிலும் துறைகள் மோதிக்கொண்டன. 2015-ல் அரசு சொன்ன எண்ணிக்கை இருபதை ஒட்டியது. ஹார்வர்டு, கொலம்பியா ஆய்வாளர்கள் புகையின் அளவு, காற்றோட்டம், மக்கள்தொகை மூன்றையும் இணைத்து, இந்தோனேசியா, மலேசியா, சிங்கப்பூர் மூன்றிலும் சேர்த்துக் கூடுதல் மரணம் சுமார் 1,00,300 என்றார்கள். குறுகிய காலப் பாதிப்பை மட்டும் எடுத்துக்கொண்ட வேறொரு குழுவுக்குச் சுமார் 12,000 வந்தது. மருத்துவமனைப் பதிவேட்டில் ‘புகை’ என்று எழுதப்பட்ட சாவை மட்டும் எண்ணுவதும், மாரடைப்பும் மூச்சுத்திணறலும் வழக்கத்தைவிட எத்தனை கூடின என்று கணிப்பதும் வேறு வேறு கேள்விகள்.

நனைந்த நிலத்திலேயே விளைவது எதுவும் இல்லையா என்றால், இருக்கிறது. சாகோ பனை, ஜெலுத்துங் மரம், பாய் பின்னும் புருன் கோரை, பெஜே எனப்படும் மீன் குட்டைகள். (ஜவ்வரிசி முதலில் செய்யப்பட்டது இந்தச் சாகோவின் மாவில்தான், சேலத்து மரவள்ளி பின்னால் வந்தது.) ஆனால் எண்ணெய்ப் பனைக்கு ஆலை, சாலை, கடன், வாரம் தவறாத வியாபாரி எல்லாம் ஏற்கெனவே இருக்கின்றன. புருன் பாய்க்கு அவை இல்லை. நீரியல் சரியாக இருந்தும் மீட்புத் திட்டங்கள் தடுமாறுவது பெரும்பாலும் இந்த இடத்தில்.

நீர்மட்டம், தரையின் இறக்கம் இரண்டையும் அளக்கும் கருவி ஒரு பிவிசி குழாய். பக்கவாட்டில் துளையிட்டு, பீட்டைத் தாண்டிக் கீழே இருக்கும் களிமண்ணில் ஊன்றுகிறார்கள். மெல்லிய குழல் ஒன்றை ஊதிக்கொண்டே உள்ளே இறக்கினால் தண்ணீரைத் தொடும்போது குமிழிச் சத்தம் கேட்கும். அந்த ஆழத்திலிருந்து தரைக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கும் குழாயின் நீளத்தைக் கழித்தால் நீர்மட்டம். கழிக்கும் நீளத்தை ஒவ்வொரு முறையும் புதிதாக அளக்க வேண்டும். குழாய் களிமண்ணில் நிற்கிறது, தரைதான் இறங்குகிறது. நட்ட அன்று 20 சென்டிமீட்டர் வெளியே தெரிந்த குழாய், ஆண்டுக்கு 5 வீதம் பத்தாண்டு கழித்து 70 சென்டிமீட்டர் தெரியும்.