டுவோ-ஆர்ட் பியானோவில் பூஜ்ஜியம் பிடிப்பது

ஏயோலியன் நிறுவனத்தின் டுவோ-ஆர்ட் பியானோ, துளையிட்ட காகித ரோலை வைத்தே படெரெவ்ஸ்கி, கெர்ஷ்வின் போன்ற பியானோ கலைஞர்களின் வாசிப்பை ஏற்ற இறக்கத்தோடு திரும்ப ஒலிக்கச் செய்யும். பம்ப் உண்டாக்கும் உறிஞ்சல்தான் சுத்தியலை இயக்குகிறது. உறிஞ்சல் கூடினால் ஒலி கூடும்.

அந்த உறிஞ்சலை அளந்து விடுபவை இரண்டு அடுக்குத் துருத்திகள். ஒன்று மெட்டுக்கு, மற்றது துணை இசைக்கு. ஒவ்வொன்றிலும் நான்கு அறைகள். அவை 1/16, 1/8, 1/4, 1/2 அங்குலம் சுருங்கும். தராசுப் படிக்கற்களைப் போல 1, 2, 4, 8 என்று வைத்துக்கொள்ளலாம். ஐந்தாம் படிக்கு 1-உம் 4-உம் சேர்ந்து சுருங்கும். இப்படி 0 முதல் 15 வரை பதினாறு படிகள். எந்த அறையும் சுருங்காத, மிக மெல்லிய படிதான் பூஜ்ஜியம்.

எல்லாப் படிகளும் பூஜ்ஜியத்தின் மேல்தான் ஏறி நிற்கின்றன. அதனால் அதைத் தொடுமுன் பியானோவின் சுத்தியல் இயக்கம் சீராக இருக்க வேண்டும், குழாய்க் கசிவுகள் அடைபட்டிருக்க வேண்டும். கசிவை வைத்துக்கொண்டு பூஜ்ஜியத்தை உயர்த்தினால் மென்மையான பகுதிகள் எல்லாமே இரைச்சலாகிவிடும். நாங்கள் அடிக்கடி காணும் தவறு இதுதான்.

உறிஞ்சலை அளக்க, பாதி நீர் நிரப்பிய U வடிவக் கண்ணாடிக் குழாய் போதும். இரு பக்க நீர்மட்டங்களுக்கும் உள்ள மொத்த வித்தியாசமே அளவு. துணை இசைப் பக்கம் பூஜ்ஜியத்தில் 5–6 அங்குலத்தை ஒட்டி வரும். ஆனால் முடிவு காதுடையது: சோதனை ரோலின் மெல்லிய சுரக்கூட்டு மிக மெதுவாக, ஆனால் ஒரு சுரமும் விடுபடாமல் கேட்க வேண்டும். மெட்டுப் பக்கத்தை அதைவிட ஒரு படி தூக்கி வையுங்கள். இல்லாவிட்டால் மெட்டு துணை இசைக்குள் மூழ்கிவிடும்.

அடுத்து நான்கு அறைகளையும் தனித்தனியே சுருங்கவிட்டு அளவுகோலால் பாருங்கள். முதல் அறையின் நகர்வு வெறும் 1.6 மி.மீ.தான். இணைப்புக் கம்பியில் அரை மில்லிமீட்டர் தளர்வு இருந்தாலும் அதில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். துருத்தியின் புதுத் துணி தடித்துப்போனாலும் அறை முழுதாக மடங்காது.

டிராக்கர் பாரில் (காகித ரோல் மேலே ஓடும் துளைப்பட்டை) அதற்கான துளை மூடிய பிறகும் ஓர் அறை சுருங்கியே நின்றால், அதன் வால்வுக்கான சிறு கசிவுத்துளையில் தூசி அடைத்திருக்கும், அல்லது குழாய் எங்கோ வெளிக்காற்றை இழுக்கும். அறை அசையவே இல்லையென்றால், முதலில் டிராக்கர் பாரின் துளையில் காகிதத் தூள் அடைத்திருக்கிறதா என்று பாருங்கள்.