‘ஜூம்’ வேறு, உருப்பெருக்கம் வேறு

கையடக்க ஜூம் கேமரா ஒன்றை விற்கும் இணையக் கடையின் தமிழ்ப் பக்கத்தில் ‘30 மடங்கு ஒளியியல் உருப்பெருக்கம்’ என்று எழுதியிருந்தார்கள். இந்தச் சொற்றொடரை இதற்கு முன்பும் பல இடங்களில் கண்டு, நமக்கென்ன என்று கடந்து போயிருக்கிறேன். இந்தத் தடவை அதை நம்பி என் மைத்துனர் பணம் கட்டிவிட்டார். ஜனவரியில் வேடந்தாங்கல் ஏரிக்கரையில் நின்றுகொண்டு, கழுத்தில் தொங்கிய 8 மடங்கு பைனாகுலரில் ஒருமுறையும் புதுக் கேமராவின் திரையில் ஒருமுறையுமாக, நீர்க்கடம்பு உச்சியில் அமர்ந்திருந்த ஒரு கூழைக்கடாவை மாறி மாறிப் பார்த்தவர், “எட்டு மடங்குல இவ்வளவு தெரியுது, முப்பதுன்னா அதைப்போல நாலு பங்கு பெரிசாத் தெரிய வேண்டாமா மச்சான்? ரெண்டு பங்குகூட இல்லையே!” என்றார். கருவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தோம். அதில் ஒரு பழுதும் இல்லை, மொழிபெயர்ப்பில்தான் பழுது.

ஆங்கிலத்தில் ‘ஜூம்’ என்பது ஒலிக்குறிப்புச் சொல். விர்ரென்று பாயும் ஓசையைக் குறிக்க 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் புழக்கத்துக்கு வந்து, முதல் உலகப் போர்க் காலத்தில் விமானம் செங்குத்தாக மேலேறுவதைக் குறித்து, பிறகு திரைப்படக்காரர்கள் வழியாக வில்லைக்கு வந்து சேர்ந்தது. ஒளிப்படக் கேமராவுக்கென 1959இல் ஜெர்மனியின் ஃபோக்ட்லாண்டர் நிறுவனம் வெளியிட்ட ‘ஜூமார்’ வில்லையின் குவியத் தொலைவு (எட்டத்து ஒளி வில்லைக்குப் பின்னால் குவியும் தூரம்; இது கூடினால் உருவம் பெரிதாகத் தெரியும்) 36 முதல் 82 மில்லிமீட்டர் வரை, அதாவது 2.3 மடங்குக்குச் சற்றுக் குறைவாக, மாறியது. ஆகவே பிறப்பிலும் வளர்ப்பிலும் இந்தச் சொல்லுக்குள் இருப்பது பாய்ச்சல், நகர்வு, மாற்றம். பெருக்கம் என்ற பொருள் அதில் எந்தக் காலத்திலும் முதன்மையாக இருந்ததில்லை.

உருப்பெருக்கம் என்பதற்கோ பள்ளி இயற்பியலில் திட்டமான பொருள் இருக்கிறது: பிம்பத்தின் உயரத்தைப் பொருளின் உயரத்தால் வகுத்தால் கிடைப்பது. நுண்ணோக்கியும் தொலைநோக்கியும் பைனாகுலரும் பேசுவது வெறுங்கண்ணோடு ஒப்பிட்ட உருப்பெருக்கத்தை. ஜூம் வில்லையின் 30 இவை இரண்டுமே அன்று. அந்தக் கேமராவின் குவியத் தொலைவு, 35 மி.மீ. ஃபிலிம் கேமராவில் அதே காட்சிப் பரப்பைத் தரும் தொலைவாகக் கணக்கிட்டுச் சொன்னால், 24இல் தொடங்கி 720இல் முடிகிறது; 720ஐ 24ஆல் வகுத்தால் 30. நீண்ட முனைக்கும் குறுகிய முனைக்கும் உள்ள விகிதம், அவ்வளவுதான். வெறுங்கண் பார்வைக்கு நெருக்கமாக வழக்கத்தில் கொள்ளப்படுவது 50 மி.மீ. என்பதால், 720ஐ 50ஆல் வகுத்து 14 மடங்கு சொச்சம் என்று கடைக்காரர் எழுதியிருந்தால் என் மைத்துனரின் எதிர்பார்ப்பும் சரியாக இருந்திருக்கும், கூழைக்கடாவும் வழக்குக்கு வந்திருக்காது.

இந்தத் தவறு எத்தனை தூரம் போகும் என்பதற்கு ஒரே எடுத்துக்காட்டுப் போதும். கேமராவோடு சேர்த்துத் தள்ளிவிடப்படும் மலிவான 18–55 மி.மீ. வில்லை ‘3 மடங்கு’. விளையாட்டுப் படம் எடுப்பவர்கள் கழுத்து வலிக்கத் தூக்கிச் சுமக்கும் 70–200 மி.மீ. வில்லையோ மூன்று மடங்குக்கும் குறைவு. உருப்பெருக்கம் என்று மொழிபெயர்த்தவர் சொல்லை அப்படியே எடுத்துக்கொண்டால், எட்டத்தில் நிற்கும் பந்து வீச்சாளரை அந்த நீண்ட வில்லையைவிட இந்தக் குட்டி வில்லை பெரிதாகக் காட்ட வேண்டும்! அதுபோலவே 28இல் தொடங்கி 84இல் முடிவதும் 3 மடங்கு, 35இல் தொடங்கி 105இல் முடிவதும் 3 மடங்கு. முன்னது சிறிய வரவேற்பறையில் குடும்பம் முழுவதையும் அடக்கும், பின்னது மேடையில் நிற்கும் மணமக்களை இன்னும் சற்று நெருக்கமாகக் காட்டும். ‘உருப்பெருக்கம் 3’ என்ற ஒரே முத்திரையை இரண்டின் மீதும் குத்திவிட்டால், வாங்குபவர் எதைக்கொண்டு தேர்வது?

‘ஜூம் நெம்பை இழுத்தால் திரையில் உருவம் பெரிதாகத்தானே தெரிகிறது, பிறகென்ன குறை?’ என்று கேட்பார்கள். வினையாக அது சரி. கணினியிலும் கைபேசியிலும் ‘பெரிதாக்கு’, ‘சிறிதாக்கு’ என்று வழங்குவதில் எனக்கு எந்த மாறுபாடும் இல்லை, ஏனென்றால் அங்கே நடப்பது பெரிதாக்கலும் சிறிதாக்கலும்தான். வினைக்குப் பொருந்திய சொல்லைப் பெயராக்கி, அதன் தலையில் ஓர் எண்ணையும் ஏற்றி, ஏற்கெனவே வேறொரு அளவைக்கு உரிமையான கலைச்சொல்லைப் பிடுங்கிக் கொடுத்ததுதான் குற்றம். இதற்கு எதிர்ப்பக்கத்தில் தனித்தமிழ் ஆர்வலர் சிலர், கிரந்தம் ஆகாது என்பதால் ‘சூம்’ என்று எழுதுகிறார்கள். சூம்பிப்போன கை, சூம்பிய காய் என்று நாம் சொல்வது சுருங்கி வற்றியதை. பெரிதாகக் காட்டும் ஒன்றுக்குச் சுருங்கலை நினைவூட்டும் ஒலியைச் சூட்டுவதற்கு, ஜகரத்தை விருந்தாளியாக உட்கார வைத்துவிட்டு வேலையைப் பார்க்கலாம்.

ஒரு பொருளின் நன்மை தீமைகளை எடைபோட வருபவருக்குச் சொல் தராசுத் தட்டுப் போல. விகிதத்தைப் பெருக்கம் என்று படித்தவர், எண் கூடக்கூடக் கேமரா உயர்ந்தது என்று முடிவுகட்டுவது இயல்பு. கேனனின் எஸ்எக்ஸ்740 கேமரா 40 மடங்கு. பானசோனிக்கின் டிஇஜட்100 10 மடங்கு. சோனி 2012இல் வெளியிட்ட முதல் ஆர்எக்ஸ்100 வெறும் 3.6 மடங்கு. எண்ணை மட்டும் பார்த்தால் சோனி பரிதாபத்துக்குரியது. ஆனால் 40 மடங்குக் கருவியின் உணரி (ஒளியைப் படமாகப் பதியும் சில்லு) ஏறக்குறைய 6.2 மி.மீ. அகலமும் 4.6 மி.மீ. உயரமும் கொண்டது, மற்ற இரண்டின் உணரி 13.2க்கு 8.8 மி.மீ., பரப்பில் நான்கு பங்கு. சிறிய உணரி இருப்பதால்தான் அத்தனை நீண்ட வீச்சு சட்டைப்பையில் அடங்குகிறது. என் மைத்துனரின் கேமராவில் 24–720 என்று சொல்லப்படும் வில்லையின் உண்மையான குவியத் தொலைவு 4.3–129 மி.மீ. மட்டுமே. 35 மி.மீ. ஃபிலிம் அளவுள்ள முழுச்சட்டக உணரிக்கு உண்மையாகவே 600 மி.மீ. வேண்டுமென்றால், ஒளி புகும் துளை பெரிய வில்லை ஒன்றே மூன்று கிலோவைத் தாண்டும். இது கருவி முழுவதுமாகச் சுமார் 300 கிராம். பயணத்தில் இதற்கு ஈடு கிடையாது என்பதை நான் மனமார ஒப்புக்கொள்கிறேன்.

விலை வேறு இடத்தில் கொடுக்கப்படுகிறது. நெம்பைக் கடைசி வரை இழுக்கும்போது அந்த வில்லையின் பெருமத் துளை எஃப் 3.3இலிருந்து எஃப் 6.4க்குச் சுருங்குகிறது (எஃப் எண் கூடினால் துளை சிறுக்கும்), உணரிக்கு வரும் ஒளி ஏறக்குறைய நான்கில் ஒன்றாகிவிடும். வேடந்தாங்கலில் பறவைகள் கூட்டமாகத் திரும்புவது பொழுது சாயும் வேளையில். நடுக்கத் தடுப்பு நம் கையின் ஆட்டத்தைத்தான் அடக்கும், பறவையின் சிறகடிப்பை அன்று. அன்று மாலை எடுத்த படங்களில் நீர்க்கடம்பின் கிளை பொட்டுப் பொட்டான இரைச்சலோடு தெளிவாக நின்றது, இறங்கிக்கொண்டிருந்த நாரை வெள்ளைத் தீற்றலாகப் போயிற்று. காலையில் நல்ல வெயிலில் அதே கேமரா எடுத்த படங்கள் அழகாகவே இருந்தன. ‘வீச்சு’ என்று எழுதியிருந்தால், எவ்வளவு நீட்டலாம், நீட்டினால் எதை இழப்போம் என்ற கேள்வி வாங்குபவருக்குத் தானாக எழும். ‘பெருக்கம்’ என்னும் சொல்லில் இழப்புக்கு இடமே இல்லை.

இதைவிடக் கொடுமை ‘இலக்கமுறை உருப்பெருக்கம்’, அதாவது டிஜிட்டல் ஜூம். ஒளியியல் உருப்பெருக்கத்துக்குத் தம்பி போல அடுத்த வரியிலேயே இது அமர்ந்திருக்கும்; இரண்டும் ஒரே இனம் என்று படிப்பவர் நினைத்துக்கொள்வார். டிஜிட்டல் ஜூமில் வில்லை இம்மியும் நகர்வதில்லை. எடுத்த படத்தின் நடுப்பகுதியை வெட்டி, சட்டகம் நிறைய இழுத்து நிரப்புகிறார்கள். 20 மெகாபிக்சல் படத்தில் 4 மடங்கு டிஜிட்டல் ஜூம் போட்டால், உண்மையில் மிஞ்சுவது அதில் பதினாறில் ஒரு பங்கு, 1.25 மெகாபிக்சல். இதை ‘வெட்டிப் பெரிதாக்கல்’ என்று நேராகச் சொன்னால் ஒருவரும் ஏமாற மாட்டார், வீட்டுக்கு வந்து தாமே வெட்டிக்கொள்வார்.

என் பரிந்துரை: ஜூம் வில்லைக்கு ‘மாறுகுவிய வில்லை’, 30 என்ற எண்ணுக்குக் ‘குவிய வீச்சு 30 மடங்கு’. குவியம் என்பது வேறு, குவியத் தொலைவு என்பது வேறு, மாறுவது பின்னதுதானே என்று ஓர் இயற்பியல் ஆசிரியர் என்னிடம் மறுத்திருக்கிறார், நியாயமான மறுப்பு. ‘மாறுகுவியத்தொலைவு வில்லை’ என்று முழுதாக நீட்டினால் யாரும் சொல்ல மாட்டார்கள் என்பதால் சுருக்கினேன். இன்னொன்றும் உண்டு: குவியத் தொலைவு மாறியும் குவியம் பிசகாமல் நிற்பதைத்தான் கண்டிப்பான பொருளில் ஜூம் வில்லை என்பார்கள், கையடக்கக் கேமராக்களில் பெரும்பாலும் குவியமும் சேர்ந்தே நகர்ந்துவிடுகிறது, தானியங்கிக் குவிப்பு அதை உடனே சரிசெய்து மறைத்துவிடுகிறது. ஆகவே அந்த ஆசிரியர் குறையென்று காட்டியது இந்தக் கருவிகளைப் பொறுத்தவரை பொருத்தமாகவே விழுந்திருக்கிறது. பேச்சு வழக்குக்கு நான் எதையும் ஆக்கித் தர வேண்டியதில்லை. கல்யாண வீட்டில் “கொஞ்சம் கிட்ட இழுத்து எடுங்கண்ணே” என்று சொல்லும் பிள்ளைக்கு எந்தக் கலைச்சொல் குழுவின் உதவியும் தேவைப்பட்டதில்லை.

அந்தக் கடையின் வரியை நான் எழுதியிருந்தால் இப்படி எழுதியிருப்பேன்: ‘மாறுகுவிய வில்லை, 24–720 மி.மீ. (35 மி.மீ. சமானம்), குவிய வீச்சு 30 மடங்கு, துளை எஃப் 3.3–6.4.’ நீளமாக இருக்கிறது, பெட்டியில் இடம் போதாது என்பார்கள். அதே பெட்டியில் ‘உங்கள் அற்புதத் தருணங்களைச் சிறைப்பிடியுங்கள்’ என்று கொட்டை எழுத்தில் போட மட்டும் இடம் இருந்திருக்கிறது.