ரத்தினக்கல் படிப்புக்குத் திறன் கடன்: பத்திரம் கேட்டால் கொடுக்காதீர்கள்

ரத்தினக்கல் பரிசோதனை படிக்க நினைப்பவர்களுக்கு அடமானம் இல்லாமல் வங்கிக் கடன் கிடைக்க ஒரு திட்டம் இருக்கிறது. பெயர் திறன் கடன் திட்டம். 2015-ல் வந்தபோது உச்சவரம்பு 1.5 லட்சம் ரூபாய். 2024 ஜூலையில் 7.5 லட்சமாக உயர்த்தினார்கள். இது தெரியாமல் அம்மாவின் தாலிச் செயினை அடகு வைத்துப் படித்த பிள்ளைகளைக் கரூரிலும் காங்கேயத்திலும் பார்த்திருக்கிறேன். தெரிந்துகொண்டு போனவர்களையும் கவுன்ட்டரிலேயே பேசித் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள்.

விதி இதுதான். வீட்டுப் பத்திரம், நகை, மூன்றாம் நபர் ஜாமீன் எதையும் வங்கி கேட்கக் கூடாது. அப்பாவோ அம்மாவோ கூட்டுக் கடனாளியாகக் கையெழுத்துப் போட வேண்டும், அவ்வளவே. கொடுத்த கடன் திரும்பி வராமல் போனால் பெரும்பகுதியை வங்கிக்கு ஈடுகட்ட அரசின் உத்தரவாத நிதி இருக்கிறது. அதற்காகத்தான் அந்த நிதியையே வைத்திருக்கிறார்கள். அப்படியிருந்தும் “ஒரு பத்திரம் இருந்தால் சீக்கிரம் முடியும்” என்று சொல்லும் அதிகாரிகள் உண்டு. சீக்கிரம் முடியாவிட்டாலும் பரவாயில்லை, பத்திரத்தை வீட்டிலேயே வையுங்கள்.

அதிகமானவர்கள் தடுக்கி விழும் இடம் கடனின் பெயர். “ரத்தினக்கல் படிப்புக்கு லோன் வேண்டும்” என்று சொன்னதும் அதிகாரி கல்விக் கடன் பட்டியலைத் திறப்பார். அதில் கல்லூரியும் பல்கலைக்கழகமும்தான் இருக்கும். “உங்கள் இன்ஸ்டிட்யூட் இதில் வராது” என்று சொல்லிவிடுவார். அவர் பார்த்த பட்டியலே வேறு திட்டத்தினுடையது. விண்ணப்பத்தின் மேலேயே “திறன் கடன் திட்டத்தின் கீழ்” என்று எழுதுங்கள். வாயால் சொன்னால் போதும் என்று நினைக்காதீர்கள்.

அடுத்தது படிப்பின் தகுதி. நீங்கள் சேரும் படிப்பு தேசியத் திறன் தகுதிக் கட்டமைப்பின்படி, அதாவது என்.எஸ்.க்யூ.எஃப் நிலைப்படி, அங்கீகரிக்கப்பட்டதாக இருந்தால் வங்கியில் பேச்சு எளிது. அரசின் ஸ்கில் இந்தியா டிஜிட்டல் தளத்தில் ஏற்றப்பட்ட வேறு சில படிப்புகளையும் 2024 மாற்றத்தில் சேர்த்தார்கள். ஊரில் நோட்டீஸ் அடித்து விற்கும் “அரசு பதிவு பெற்ற டிப்ளமோ” பெரும்பாலும் இந்த இரண்டிலும் வராது. அந்த அரசுப் பதிவு என்னவென்று கேட்டுப் பாருங்கள். சங்கப் பதிவுச் சான்றையோ, சிறுதொழிலுக்கான உத்யம் பதிவையோ, ஐ.எஸ்.ஓ சான்றிதழையோ காட்டுவார்கள். இவற்றில் எதுவும் படிப்புக்கான அங்கீகாரம் ஆகாது. உத்யம் பதிவு டீக்கடைக்கும் கிடைக்கும்.

என்.எஸ்.க்யூ.எஃப் படிப்பைச் சரிபார்க்க வழி, தேசியத் தகுதிப் பதிவேட்டின் இணையதளத்தில் படிப்பின் பெயரையும் குறியீட்டையும் தேடுவது. தேடும்போது காலாவதித் தேதியையும் பாருங்கள். அதில் பதிவான படிப்புகளுக்கு முடிவு தேதி உண்டு. போன வருடம் செல்லுபடியானது இந்த வருடம் செல்லாமல் போகலாம்.

அங்கேயும் ஒரு குழி இருக்கிறது. நகை, ரத்தினத் துறைக்கான திறன் கவுன்சிலின் கீழ் பல வேலைகளுக்குப் படிப்புகள் உள்ளன. நகைக்கடை விற்பனையாளர், கல் பதிப்பவர், கணினியில் நகை வடிவமைப்பவர் என்று நீளும். ஒரு மையத்துக்கு விற்பனையாளர் படிப்பு நடத்த மட்டும் அனுமதி இருக்கும். அந்தக் கடிதத்தைச் சட்டம் போட்டு மாட்டி, ரத்தினக்கல் படிப்புக்கு ஆள் சேர்ப்பார்கள். கடிதத்தில் இருக்கும் குறியீடும் உங்கள் ரசீதில் இருக்கும் குறியீடும் ஒன்றா என்று பாருங்கள். ஒன்றில்லை என்றால் வெளியே வந்துவிடுங்கள்.

பணம் கட்டுவதற்கு முன் இன்னொன்றும் செய்யுங்கள். பயிற்றுநரிடம் இயற்கை மாணிக்கத்தையும் செயற்கை மாணிக்கத்தையும் எப்படிப் பிரித்துப் பார்ப்பீர்கள் என்று கேளுங்கள். “ரிஃப்ராக்டோமீட்டரில் வைத்தால் தெரிந்துவிடும்” என்று சொன்னால் அந்த இடம் வேண்டாம். இரண்டுக்கும் அந்தக் கருவி அளக்கும் ஒளிவிலகல் எண் 1.76 முதல் 1.77 வரைதான், எடையடர்த்தியும் ஏறக்குறைய 4-தான். சுடரில் உருக்கிச் செய்த கல்லில் வளைந்த வளர்ச்சிக் கோடுகளும் காற்றுக் குமிழிகளும் இருக்கும். பத்து மடங்கு லென்ஸிலோ நுண்ணோக்கியிலோ அதைத் தேடிக் காட்டத் தெரிந்தவர்தான் சொல்லிக்கொடுக்கத் தகுதியானவர். அப்புறம், எத்தனை மாணவர்களுக்கு எத்தனை ரிஃப்ராக்டோமீட்டர் என்று எண்ணுங்கள். ராசிக்கல் பலன் சொல்லும் வகுப்பைப் பரிசோதனைப் படிப்பு என்று விற்கிறவர்களிடம் ஒரு கருவியும் இருக்காது.

லண்டன், அமெரிக்க நிறுவனங்களின் பட்டயங்களுக்குத் தொழிலில் நல்ல மதிப்பு. ஆனால் அந்த மதிப்பு வேறு, இந்தக் கடனுக்கான தகுதி வேறு. வங்கியில் எழுத்தில் கேட்டுக்கொண்டு பிறகு சேருங்கள்.

கடன் தொகை பயிற்சி மையத்துக்கு நேரடியாகப் போகும். அதனால் “முதலில் முழுப் பணத்தைக் கட்டுங்கள், லோன் வந்ததும் திருப்பித் தருகிறோம்” என்று மையம் சொன்னால் நம்ப வேண்டாம். அப்படிக் கட்டியவருக்குக் கடனும் வரவில்லை, பணமும் திரும்பவில்லை என்பதைப் பார்த்த பிறகுதான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். மையத்தின் லெட்டர்பேடில் கட்டண விவரம் வாங்குங்கள். தேர்வுக் கட்டணம், புத்தகம், கருவிகள் தனித்தனியாக இருக்கட்டும். இவற்றுக்கும் கடன் உண்டு. லென்ஸ், இடுக்கி, சிறு தராசு வாங்கும் செலவைக் கேட்காமல் விட்டுவிடுகிறவர்கள் அதிகம்.

படிக்கும் காலத்திலும் அதன்பின் சில மாதங்களும் தவணை கட்ட வேண்டாம். வட்டி மட்டும் ஓடிக்கொண்டே இருக்கும். “ஒரு வருடத்துக்கு எதுவும் இல்லை” என்று சொல்வதைக் கேட்டு வட்டியும் இல்லை என்று எண்ணிவிடாதீர்கள்.

கூட்டுக் கடனாளியின் சிபில் அறிக்கையை முன்னதாகவே பாருங்கள். ஒவ்வொரு கடன் தகவல் நிறுவனமும் ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். அப்பா பெயரில் பழைய பாக்கி இருந்தால் அம்மா கையெழுத்திடலாம்.

ஏற்கெனவே திருச்சியிலோ கரூரிலோ பட்டறையில் கல் பட்டை தீட்டுகிறவர்கள் கடனுக்கு முன் வேறொன்றைப் பாருங்கள். பிரதமரின் கௌசல் விகாஸ் யோஜனாவில் கைத்தொழில் தெரிந்தவரைத் தேர்வு வைத்துச் சான்று தரும் பிரிவு உண்டு. அந்தத் திட்டத்தில் பயிற்சியும் தேர்வும் இலவசம். பணம் கேட்டால் தவறு. தளத்தில் பாடம் இருக்கும், உங்கள் மாவட்டத்தில் மையம் இருக்காது என்பதுதான் சிக்கல். போய் நிற்பதற்கு முன் போன் செய்து, வகுப்பு எந்தத் தேதியில் தொடங்குகிறது என்று கேளுங்கள்.

வங்கி மறுத்தால் வாய்மொழி மறுப்போடு திரும்பாதீர்கள். விண்ணப்ப நகலில் தேதியிட்ட முத்திரை வாங்குங்கள். முத்திரை போட மறுத்தால் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். மறுப்புக்குக் காரணம் எழுத்தில் கேளுங்கள். வங்கியின் குறைதீர் பிரிவுக்குப் புகார் அனுப்பி 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் சரியில்லை என்றாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் இல்லை. உதவி எண் 14448. உங்களுக்குக் கடன் கொடுக்கச் சொல்லி அவர் வங்கிக்கு உத்தரவிட மாட்டார், அது வங்கியின் வணிக முடிவு என்பார். அதனால் புகாரில் “கடன் தரவில்லை” என்று எழுதாதீர்கள். “விண்ணப்பத்தை வாங்க மறுத்தார்கள்”, “திட்டத்துக்கு மாறாக அடமானம் கேட்டார்கள்”, “காரணம் எழுதித் தரவில்லை” என்று தேதியோடு எழுதுங்கள்.