நட்சத்திரக் கொத்தின் வயது அதன் நிறத்தில் தெரியும்

மட்டக்களப்பில் கார்த்திகை என்ற நட்சத்திரக் கொத்தைப் படம் எடுக்கக் கார்த்திகை மாதம் சரிவராது, அது மாரி மழைக்காலம். பெப்ரவரியில் மழை ஓய்ந்து வானம் வெளித்ததும், பொழுதுபட்டு ஒரு மணித்தியாலம் கழித்து அண்ணாந்து பாருங்கள், உச்சிக்குக் கொஞ்சம் வடமேற்கே கார்த்திகையும் அதற்குப் பக்கத்தில் சிவந்த ரோகிணியும் நிற்கும். 50 மில்லிமீற்றர் லென்ஸில் இரண்டும் ஒரே படத்துக்குள் அடங்கும். அந்த ஒரு படத்திலேயே நட்சத்திரங்களின் வயதை வாசிக்கலாம் என்பதுதான் எனக்குப் பெரிய சந்தோசம்.

ஒரு கொத்தில் உள்ளவை எல்லாம் ஒரே வாயு முகிலில் கிட்டத்தட்ட ஒரே காலத்தில் பிறந்தவை, ஆனால் ஆயுள் ஒன்றல்ல. திணிவு கூடியது கடும் சூட்டில் நீலமாக எரிந்து, எரிபொருளைச் சீக்கிரம் தீர்த்துவிடும். சூரியனைவிட 10 மடங்கு திணிவுள்ளது சில கோடி ஆண்டுகளில் முடிந்துவிடும், சூரியனுக்கோ ஏறக்குறைய 1,000 கோடி ஆண்டு. ஆகவே வயது ஏற ஏற நீலம்தான் முதலில் போகும்.

கார்த்திகைக்குச் சுமார் 10 கோடி வயது, பிரகாசமானவை எல்லாம் இன்னும் நீலம். ரோகிணியைச் சுற்றி ஆப்புப் போலத் தெரிவது ஹயடீஸ் கொத்து, வயது 65 கோடி அளவில். அங்கே நீலம் தீர்ந்து, எரிபொருள் தீரத் தொடங்கிய நான்கு நட்சத்திரங்கள் செம்மஞ்சளாக ஊதிப் பெருத்து நிற்கின்றன. (ரோகிணி இந்தக் கொத்தைச் சேர்ந்ததல்ல. கொத்து 150 ஒளியாண்டுக்கு அப்பால், ரோகிணி 65 ஒளியாண்டில் குறுக்கே நிற்கிறது.)

சரி, நிறம் படத்தில் விழ வேண்டுமே. அதிக நேரம் திறந்து வைத்தால் எல்லாம் வெள்ளைப் புள்ளியாகிவிடும், பூமி சுழல்வதால் கோடாகவும் இழுபடும். கமராவை ட்ரைபொட்டில் வைத்து 4, 5 செக்கன் போதும், வெள்ளைச் சமநிலையை ஓட்டோவில் விடாமல் வெயில் குறிக்கு மாற்றுங்கள், லென்ஸின் குவியத்தை ஒரு மயிரிழை விலக்கினால் ஒளி சின்ன வட்டமாகப் பரவி நிறம் தங்கும். அப்புறம் 16 படங்களை ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்த்துச் சராசரி எடுத்தால், படத்தில் மணல் தூவியது போல விழும் இரைச்சல் நாலில் ஒன்றாகக் குறையும். கடற்கரையில் லென்ஸில் பனி படியும், இடையிடையே பார்த்துக்கொள்ளுங்கள். அடிவானத்துக்குக் கிட்ட இருக்கும்போது எடுக்க வேண்டாம், அங்கே காற்று நீலத்தைச் சிதறடித்துவிடும்.

மே மாதம் இரவு பத்து மணிவாக்கில் தெற்கே 35 பாகை உயரத்தில் ஒமேகா சென்டோரி என்ற கொத்து வரும். ஏறக்குறைய ஒரு கோடி நட்சத்திரங்கள், 1,200 கோடி அளவு வயது, அதனால் பெரும்பாலும் மஞ்சளும் செம்மஞ்சளும்தான். இதற்கு 200 மில்லிமீற்றர் லென்ஸாவது வேண்டும். கல்லடிக் கடற்கரையில் நின்றால் தெற்கே காத்தான்குடி வெளிச்சம் இடிக்கும், பொத்துவிலைத் தாண்டிப் பாணமைப் பக்கம் போனால் தெற்கே குமண வனம்தான், நல்ல இருட்டு.