ஊது உலை அணைந்த பிறகு

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் பெத்லஹேம் என்றொரு ஊர். கோல்டன் கேட் பாலத்துக்கு எஃகு கொடுத்த ஆலை இங்கேதான் இருந்தது. 1995 நவம்பரில், இரும்புத் தாதுவை உருக்கும் அதன் ஊது உலைகளை அணைத்தார்கள். ஆற்றங்கரையில் அருமையான இடம். ஆனால் வாங்க யார் வருவார்?

பழைய ஆலை நிலம் என்றால் மண்ணில் நஞ்சு இருக்கும். ஆனால் மண்ணைவிடச் சட்டம்தான் பெரிய சிக்கல். யாரோ எப்போதோ கொட்டிய நஞ்சுக்கு இன்றைய உரிமையாளரும் பொறுப்பு என்று 1980இன் கூட்டாட்சிச் சட்டம் சொன்னது. யாருக்குத்தான் பயம் வராது? பழைய ஆலை நிலங்களைத் தொடாமல், ஊருக்கு வெளியே வயல்களை வாங்கிக் கட்டினார்கள்.

உலை அணைந்த அதே 1995இல் பென்சில்வேனியா ஒரு சட்டம் போட்டது. 'சுத்தம்' என்பதற்கு மூன்று அளவுகோல்கள்: மாசுபடுவதற்கு முன் இருந்த நிலை, மாநிலம் முழுதுக்கும் பொதுவான அளவு, அந்தந்த மனைக்கென்று கணக்கிட்ட அளவு. ஏதாவது ஒன்றை எட்டிக் காட்டினால் அந்த மாசு தொடர்பான மாநிலச் சட்டப் பொறுப்பு நீங்கும். பின்னால் வாங்குபவருக்கும் அது பொருந்தும்.

மூன்றாவது அளவுகோலில்தான் அறிவியல் இருக்கிறது. நஞ்சு உடம்புக்குள் போனால்தானே கெடுதல்? ஆகவே அது வரும் வழியை அடைத்தாலும் போதும். ஈயம் மண்ணைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். தூசியாகவோ, மண்ணில் விளையாடும் குழந்தையின் கை வழியாகவோதான் பெரும்பாலும் உள்ளே போகிறது. அதன் மேல் தார் போட்டு வண்டி நிறுத்துமிடம் ஆக்கிவிட்டால் அந்த வழி அடைபடும். பெட்ரோலிலும் இருக்கும் பென்சீன் என்ற நச்சுத் திரவத்திடம் இந்த வித்தை பலிக்காது. அது ஆவியாகித் தரையின் விரிசல் வழியே அறைக்குள் ஏறிவிடும். அதனால் அஸ்திவாரத்துக்கு அடியில் ஆவி புகாத விரிப்பு போடுவார்கள். குழாய் பதித்து, விசிறி வைத்து, ஆவியைக் கூரைக்கு மேலே உறிஞ்சி விடுவதும் உண்டு. நிலத்தடி நீரில் கலந்தது இன்னும் தொல்லை, நகர்ந்துகொண்டே இருக்கும்.

அதனால் 'சுத்தம் செய்தாச்சு' என்று அறிவிப்பு வந்தால், தோண்டி எடுத்தார்களா, மூடி வைத்தார்களா என்றுதான் நான் முதலில் பார்ப்பேன். மூடுவதில் செலவு குறைவு, தப்பும் இல்லை; ஆனால் தாரில் விரிசல் விழும், விசிறி நிற்கும், யாராவது பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

பெத்லஹேமில் 2009இல் சூதாட்ட விடுதி வந்தது. 2011 முதல் அந்த உலைகளின் முன்னாலேயே இசைக் கச்சேரி நடக்கிறது. நஞ்சை மூடிவைத்த மனைகளுக்கு 2007இல் மாநிலம் இன்னொரு சட்டமும் கொண்டுவந்தது: கிணறு தோண்டாதே, மூடியை உடைக்காதே போன்ற நிபந்தனைகள் நிலப் பத்திரத்தோடு சேர்த்துப் பதிவாகும். கை மாறினாலும் அவை கூடவே போகும்.