கடைத்தெருவுக்கு ஒரு கூடுதல் வரி: இங்கிலாந்தின் 'பிட்' வாக்கெடுப்பு

இங்கிலாந்தில் கடை வைத்திருக்கிறீர்களா? 'பிட் வாக்கெடுப்பு' என்று ஒரு கவர் தபாலில் வந்தால் விளம்பரக் காகிதம் என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அடுத்த ஐந்து வருடம் வரை உங்கள் கல்லாவிலிருந்து வருடாவருடம் ஒரு தொகை போகுமா போகாதா என்பது அந்தச் சீட்டில்தான் இருக்கிறது.

பிட் (BID) என்பது வணிக மேம்பாட்டு வட்டாரம்: ஒரு பகுதியின் வியாபாரிகள் வாக்களித்து, தங்கள் தெருவை மேம்படுத்த எல்லோரும் கூடுதல் வரி கட்டும் ஏற்பாடு. ஆள் நடமாட்டம் குறைந்து, ஷட்டர்கள் இறங்கிக் கிடக்கும் தெருவில் விளக்கு போட, குப்பை அள்ள, விழா நடத்த வியாபாரிகளே பணம் திரட்டுவது புதிதல்ல. ஆனால் விரும்பினால் கொடுக்கலாம் என்றால் நாலு பேர் கொடுப்பார்கள், பத்துப் பேர் பலனை மட்டும் அனுபவிப்பார்கள், வசூல் நின்றுவிடும். பெரிய மால்களிடம் வாடிக்கையாளர்களை இழந்துகொண்டிருந்த டொராண்டோவின் புளூர் வெஸ்ட் வில்லேஜ் வியாபாரிகள், எல்லோரும் கட்டாயம் கட்டும் முறையை 1970இல் கொண்டுவந்தார்கள். உலகிலேயே அதுதான் முதல். இங்கிலாந்தில் 2003ஆம் ஆண்டின் உள்ளாட்சிச் சட்டம் இதற்கு வழி செய்தது. கிங்ஸ்டன் நகரில் 2005இல் முதல் பிட் தொடங்கியது.

பணம் கட்டுவது யார்? பிசினஸ் ரேட்ஸ் (கடை, அலுவலகம் போன்ற இடங்களுக்குக் கவுன்சில், அதாவது உள்ளாட்சி நிர்வாகம், வசூலிக்கும் வரி) கணக்கு யார் பெயரில் இருக்கிறதோ அவர். அதாவது பெரும்பாலும் கடையை நடத்தும் வாடகைதாரர், கட்டட உரிமையாளர் அல்ல. கடையின் ரேட்டபிள் மதிப்பு (அந்த வரிக்காகக் கணக்கிட்டு வைத்திருக்கும் வருட வாடகை மதிப்பு) 20,000 பவுண்டு, பிட் விகிதம் 1.5 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் வருடத்துக்கு 300 பவுண்டு. சிறிய கடை என்பதால் பிசினஸ் ரேட்ஸே கட்டுவதில்லை என்பவர்களும் கவனிக்க வேண்டும்: அந்தச் சலுகை பிட் வரிக்குத் தானாக வராது. எந்த மதிப்புக்குக் கீழே விலக்கு என்பதை ஒவ்வொரு பிட்டும் தன் திட்டத்தில் தனியாகச் சொல்லும். விலக்கு உண்டென்றால் வாக்கு இல்லை.

வாக்கெடுப்பில் இரண்டு கணக்கு. வாக்களித்தவர்களில் பாதிக்கு மேல் ஆதரிக்க வேண்டும். வாக்களித்த கடைகளின் மொத்த ரேட்டபிள் மதிப்பிலும் பாதிக்கு மேல் ஆதரவாக இருக்க வேண்டும். சின்னக் கடைகள் திரண்டாலும் பெரிய சூப்பர்மார்க்கெட்டுகள் மதிப்பை வைத்துத் தடுக்கலாம். பெரியவர்கள் மட்டும் விரும்பினால் சின்னவர்கள் எண்ணிக்கையால் தடுக்கலாம். ஆனால் குறைந்தபட்சம் இத்தனை பேர் வாக்களிக்க வேண்டும் என்று சட்டத்தில் இல்லை. 200 கடை உள்ள இடத்தில் 60 பேர் மட்டும் வாக்களித்தால், அதில் 31 ஆதரவும் மதிப்பில் பெரும்பான்மையும் போதும், 200 பேரும் கட்ட வேண்டியதுதான். கட்டாவிட்டால் பிசினஸ் ரேட்ஸ் பாக்கிக்கு வருவது போலவே கோர்ட் சம்மன் வரும்.

திட்ட அறிக்கையில் நான் முதலில் பார்க்கச் சொல்வது, கவுன்சில் ஏற்கெனவே செய்துவரும் வேலைகளின் பட்டியல். அதைக் காட்ட வேண்டும் என்பது விதி. பிட் பணம் அதற்கு மேல் கூடுதலாகச் செய்வதற்குத்தான். கவனிப்பாரற்ற தெருக்களில் இது ரொம்ப முக்கியம். அங்கே விளக்கு எரியாததும் குப்பை தேங்குவதும் பல நேரம் கவுன்சில் வேலையைச் செய்யாததால்தான். வாரம் எத்தனை தடவை பெருக்குகிறார்கள், அது எழுத்தில் இருக்கிறதா, நாளைக்குக் குறைத்தால் யார் கேட்பது என்று கூட்டத்திலேயே கேளுங்கள். வரி கட்டியும் அதே பழைய துப்புரவுதான் என்றால் அது அநியாயம்.

அப்புறம் வாடகை. தெரு களைகட்டினால் அடுத்த குத்தகைப் புதுப்பிப்பில் வாடகை ஏறலாம். அதற்கு எதிராக இந்தச் சட்டத்தில் எந்தப் பாதுகாப்பும் கிடையாது. குத்தகை முடிய எத்தனை வருடம் இருக்கிறது என்று பார்த்துவிட்டு வாக்களிப்பது நல்லது.

வாக்கெடுப்பு நாளுக்குக் குறைந்தது 42 நாள் முன்பே அறிவிப்பு வர வேண்டும், சீட்டு 28 நாள் முன்பே தபாலில் சேர்க்கப்பட வேண்டும். கணக்கில் பழைய வாடகைதாரர் பெயர் இருந்தால் சீட்டு அவருக்குத்தான் போகும், எனவே அறிவிப்பு வந்தவுடன் கவுன்சிலைக் கூப்பிட்டுப் பெயரைச் சரிபார்த்துவிடுங்கள். ஊரில் இல்லாதவர் தன் சார்பில் வாக்களிக்க இன்னொருவரை நியமிக்கலாம். ஒரு பிட்டின் ஆயுள் அதிகபட்சம் ஐந்து வருடம்; தொடர வேண்டுமென்றால் மறுபடி வாக்கெடுப்பு நடத்தியாக வேண்டும்.