சம்பளத்துக்காக டாக்டர்கள் போராடலாமா? அரசாணை 354-ஐப் பார்த்துவிட்டுப் பேசுவோம்

அரசு டாக்டர்கள் வேலைநிறுத்தம் என்று செய்தி வந்ததும் ஓ.பி. வரிசையில் முதலில் கேட்கும் பேச்சு, "கை நிறைய சம்பளம் வாங்குறவங்களுக்கு இன்னும் என்னவாம்?" என்பதுதான். அந்தக் கோபம் நியாயமானது. முதல் பஸ் பிடித்து, அன்றைய கூலியை விட்டுவிட்டு வந்தவருக்கு மூடிய அறை முன்னால் நிற்கும்போது வேறென்ன தோன்றும்? ஆனால் டாக்டர்கள் கேட்டது என்ன என்பது பெரும்பாலும் அந்த வரிசை வரை வந்து சேர்வதில்லை. 2019 அக்டோபர் 25 முதல் நவம்பர் 1 வரை தமிழ்நாட்டில் நடந்த போராட்டத்திலும் அதுவே நடந்தது.

அன்று வைத்த கோரிக்கைகள் நான்கு: நோயாளிகளின் எண்ணிக்கைக்கு ஏற்ப டாக்டர் பணியிடங்கள், பட்டமேற்படிப்பில் அரசுப் பணியில் இருப்பவர்களுக்கு 50 சதவீத இடம், மேற்படிப்பு முடித்தவர்களுக்குக் கலந்தாய்வு மூலம் பணியிடம், அப்புறம் ஊதியம். முதல் மூன்றும் நோயாளிக்கு நேரடியாக உதவுகிறவை. செய்தியில் நின்றதோ நான்காவது மட்டும்.

அந்த ஊதியக் கணக்கு இதுதான். எம்.ஆர்.பி. என்கிற மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் தேர்வு எழுதி உதவி மருத்துவராகச் சேர்பவருக்கு அடிப்படைச் சம்பளம் 56,100 ரூபாய். மத்திய அரசில் சேரும் எம்.பி.பி.எஸ். டாக்டருக்கும் தொடக்கம் அதே 56,100. வித்தியாசம் போகப்போகத்தான். மத்திய அரசில் 4, 9, 13, 20 ஆண்டுகளில் ஊதிய நிலை உயர்கிறது. இங்கே 2009 அக்டோபரில் வந்த அரசாணை 354-இன்படி 8, 15, 17, 20 ஆண்டுகளில். பே பேண்ட் 4 என்று சொல்கிற அந்தப் பெரிய படியை மத்திய அரசு டாக்டர் 13-ஆம் ஆண்டில் தொடுகிறார்; தமிழ்நாட்டு டாக்டர் தொட 20 ஆண்டு ஆகிறது. படி எவ்வளவு பெரியது என்றால், மத்திய அரசில் ஒன்பதாம் ஆண்டில் 78,800-இல் இருப்பவர் நான்கு இன்கிரிமென்டுக்குப் பிறகு 88,700-க்கு வந்திருப்பார். பதின்மூன்றாம் ஆண்டு முடிந்ததும் அது ஒரேயடியாக 1,23,100 ஆகிறது. அடிப்படைச் சம்பளத்தில் மட்டும் 34,000 ரூபாய்க்கு மேல் ஏற்றம். அகவிலைப்படி அதற்கு மேலே. இந்தப் படியை 12-ஆம் ஆண்டிலேயே கொடுங்கள் என்பதுதான் கோரிக்கை.

இதில் நோயாளிக்கு என்ன? பதின்மூன்று முதல் இருபது வரையான அந்த ஆண்டுகளில்தான் ஒரு டாக்டர் மேற்படிப்பு முடித்து, கை தேர்ந்து, தாலுகா அல்லது மாவட்ட மருத்துவமனையின் தூணாக இருப்பார். தனியார் மருத்துவமனைகள் கூப்பிடுவதும் அந்த வயதில்தான். சீமாங் சென்டர் என்கிற அவசரகால மகப்பேறு மையத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மகப்பேறு, மயக்கவியல், குழந்தை நல டாக்டர்கள் மூவரும் இரவு பகலாகக் கிடைத்தால்தான் அது ஓடும். இருக்கும் ஒரே மயக்க மருந்து டாக்டர் வேலையை விட்டுப் போனால், நள்ளிரவில் சிசேரியன் தேவைப்படும் பெண்ணை 108-இல் ஏற்றி மாவட்டத் தலைமை மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டியதுதான். ஊதிய அட்டவணைக்கும் அந்த ஆம்புலன்ஸுக்கும் உள்ள தொடர்பை மக்களிடம் சொல்லாதது டாக்டர் சங்கங்களின் பெரிய குறை.

எதிர்த்தரப்பு கேட்கும் நல்ல கேள்வியும் ஒன்று உண்டு. தமிழ்நாட்டில் டூட்டி நேரத்துக்கு வெளியே அரசு டாக்டர்கள் தனியாக கிளினிக் வைக்கலாம். மத்திய அரசு டாக்டர்கள் வைக்கக் கூடாது. அதற்கு ஈடாக அடிப்படைச் சம்பளத்தில் 20 சதவீதத்தைத் தனி அலவன்ஸாகப் பெறுகிறார்கள். ஆகவே இரண்டு சம்பளத்தையும் ஒப்பிடும்போது இதைச் சொல்லாமல் விடுவது நேர்மையல்ல. அதேபோல, எல்லா அரசு டாக்டரும் மாலையில் கிளினிக்கில் சம்பாதிக்கிறார் என்பதும் உண்மையல்ல. உடற்கூறியல், நோய்க்குறியியல் துறைகளில் இருப்பவருக்கு ஏது கிளினிக்? இரவு டூட்டியையும் முகாம்களையும் மாறி மாறிப் பார்க்கும் ஆரம்ப சுகாதார நிலைய டாக்டருக்கு ஏது மாலை?

சட்டம் டாக்டர்கள் பக்கம் இல்லை. அரசு ஊழியர் நடத்தை விதி 22 வேலைநிறுத்தத்தைத் தடை செய்கிறது. 2003 ஆகஸ்டில் தமிழ்நாட்டு வழக்கிலேயே அரசு ஊழியர்களுக்கு வேலைநிறுத்த உரிமை இல்லை என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2019-இலும் பணி முறிவு எச்சரிக்கை, 17(பி) குறிப்பாணை என்கிற ஒழுங்கு நடவடிக்கை நோட்டீஸ், இடமாற்றம் எல்லாம் வந்தன. போராட்டம் முடிந்த பிறகு, 2020 பிப்ரவரியில், அந்தக் குறிப்பாணைகளையும் இடமாற்றங்களையும் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது.

"வேலைநிறுத்தம் என்றால் நோயாளிகள் சாவார்கள்" என்ற பேச்சுக்கு வருவோம். 1976 முதல் 2003 வரை பல நாடுகளில் நடந்த ஐந்து டாக்டர் வேலைநிறுத்தங்களைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்த 2008-ஆம் ஆண்டுக் கட்டுரை, அந்தக் காலத்தில் இறப்பு கூடவில்லை என்றது. அவசரப் பிரிவு ஓடியதும், தள்ளிப்போடக்கூடிய அறுவை சிகிச்சைகள் குறைந்ததும் அதற்குச் சொன்ன முக்கியக் காரணங்கள். இதைக் காட்டி 'ஆபத்தே இல்லை' என்று டாக்டர்கள் வாதிடக் கூடாது. அரசு ஓ.பி.யை மட்டுமே நம்பியிருப்பவருக்கு வரும் கேடு இறப்புக் கணக்கில் தெரியாது.

ஆகவே வேலைநிறுத்த அறிவிப்பு வந்தால் கையில் எத்தனை நாள் மாத்திரை இருக்கிறது என்று அன்றைக்கே எண்ணிப் பாருங்கள். சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகள் துணை சுகாதார நிலையத்திலோ மக்களைத் தேடி மருத்துவம் ஊழியரிடமோ கிடைக்கும். வலிப்பு மாத்திரை, இன்சுலின், இதய வால்வு மாற்றியவர்களுக்கான ரத்தம் உறையாமைக்கான மாத்திரை ஆகிய மூன்றையும் ஒரு நாள்கூட நிறுத்தக் கூடாது. வலிப்பு மாத்திரையைத் திடீரென நிறுத்தினால் அடுத்தடுத்து வலிப்பு வந்து உயிருக்கே ஆபத்தாகும். நாய்க்கடிக்கு 0, 3, 7, 28 என்று ஊசி நாள் குறித்திருந்தால், ஓ.பி. மூடியிருக்கிறது என்று திரும்பிவிடாமல் அவசரப் பிரிவில் கேளுங்கள். டயாலிசிஸ் செய்துகொள்பவர்கள் முதல் நாளே யூனிட்டில் கேட்டு உறுதி செய்துகொள்ள வேண்டும். நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், பிரசவ வலி, விபத்து என்றால் யோசிக்கவே வேண்டாம், 108.

அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்தவர்கள்தான் அதிகம் அடிபடுகிறார்கள். ஒரு தேதி தவறினால் ரத்தப் பரிசோதனைகள் பழையதாகிவிடும், மயக்க மருந்து கொடுக்கலாம் என்ற தகுதிச் சான்றை மறுபடி வாங்க வேண்டும், முதலமைச்சர் காப்பீட்டு ஒப்புதலையும் சரிபார்க்க வேண்டும். 'அப்புறம் வாங்க' என்ற வாய்ப்பேச்சோடு கிளம்பாதீர்கள். புதிய தேதியைச் சீட்டில் எழுதி வாங்குங்கள்.

அரசாணை 354-ஐத் திருத்தும் கோரிக்கையை 2019-க்குப் பிறகும் சங்கங்கள் எழுப்பிவருகின்றன. அடுத்த அறிவிப்பு வரும்போது ஒவ்வொரு ஓ.பி. வாசலிலும் தட்டி வைக்கட்டும். எந்தப் பிரிவுகள் ஓடும், மாத்திரை எங்கே கிடைக்கும், தள்ளிப்போன அறுவை சிகிச்சைக்கு யாரைப் பார்க்க வேண்டும் என்பதைப் பெரிய எழுத்தில் எழுதிவிட்டு, அதன் கீழே 20-ஆம் ஆண்டுப் படியை 12-ஆம் ஆண்டில் ஏன் கேட்கிறோம் என்று நாலு வரி எழுதட்டும்.